ஆறு பேருக்கும் தெரிந்த ஒரு வசனம்

ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நாடகம் பார்க்கப் போய்வந்தேன். அது முடிந்து பத்து நாள் ஆகிறது. வழக்கமாகத் திங்கட்கிழமை மதியம், ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பதிவைத் தட்டிப் போட்டுவிடுவேன். புரசைவாக்கத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுவது என் வேலை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிவிட்டு, நான் மட்டும் ஞாயிறு ஆனால் புறநகர் ரயிலில் ஏறிக்கொள்வேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த முறை எழுதக் கை வரவில்லை. இப்போதும் மனசு சரியில்லாமல்தான் எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே படிக்கலாம் என்று வந்தவர்கள் தயவுசெய்து மகாபலிபுரம் பதிவுக்குப் போய்விடுங்கள்.

நாடகத்துக்கு அழைப்பு வந்ததே ரயிலில்தான். ஜூன் மாதம் தடா அருவிக்குப் போய், தண்ணீரே இல்லாத பாறையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிய கதையை முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அன்று கும்மிடிப்பூண்டியில் மதியம் 2.40 வண்டியில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பெண்கள் ஏறினார்கள். தலைமுடி, புடவை, கால் விரல் இடுக்கு எல்லாம் செம்மண் பூசியது போல இரும்புத் துரு. இடம் இருந்தும் உட்காரவில்லை. வண்டி நகர்ந்ததும் அவர்களில் ஒருத்தி என்னிடம், "யக்கா, அந்தத் தண்ணி பாட்டில கொஞ்சம் குடுங்களேன்" என்றாள். தாகம் போல என்று நினைத்துக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, பாட்டிலின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஏதோ குழந்தையைக் கிடத்துவது போல ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள்.

அடுத்தவள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தொப்பையைத் தள்ளி நடந்து வந்தாள். குரலை அடித்தொண்டைக்கு இறக்கினாள். "இன்னாம்மா இது? இன்னிக்கி டன்னு பத்தல. கோடு போட்டு வச்சிருக்கறதயும் சேத்துத் தூக்கிப் போடு. நான் பாத்துக்கறேன்." பெட்டியில் மீன் கூடைக்காரி ஒருத்தர் சிரித்தே விட்டார். மூன்றாவது பெண், நாற்பது வயது இருக்கும், ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு இரண்டு வரி பாடினாள்:

"சாக்பீசு கோடு போட்டு தள்ளி வச்சா தேசம்மா,
தள்ளி வச்ச குழாய தூக்கிப் போட்டது யாரம்மா?"

அவ்வளவுதான். கவரைப்பேட்டை வந்துவிட்டது. பத்து நிமிடம். பாடியவள் பாட்டிலைத் திருப்பித் தந்துவிட்டு, "பயந்துடாதீங்கக்கா, நாடகம். இந்த வண்டியில வர்ற நேரம்தான் எங்களுக்கு ரிகர்சல்" என்றாள். பெயர் கன்னியம்மா. என்னவோ தோன்றி நானும் அவர்களோடு பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டேன். செல்போன் எண் வாங்கிக்கொண்டேன். "ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம எங்க ஊர்ல கூழு ஊத்தறோம். மூணு மணிக்கு நாடகம். கண்டிப்பா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். அந்த இரண்டு வரிகளும் சென்ட்ரல் வரை காதில் ஓடிக்கொண்டே இருந்தன.

அடுத்த வாரம் போன் செய்து முழுக்கதையையும் கேட்டேன். இது தெரியாமல் மேலே படித்தால் புரியாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. லாரியில் வந்து கொட்டுகிற பழைய இரும்பைப் பிரிக்க வேண்டும். அதில் முக்கியமான வேலை, இரண்டு பக்கமும் மூடிய குழாய், பழைய சிலிண்டர் மாதிரியானவற்றைப் பொறுக்கி எடுப்பது. உள்ளே காற்றோ தண்ணீரோ அடைபட்டிருந்தால், உலையில் விழுந்ததும் வெடித்துவிடும். அதனால் அப்படிக் கிடைப்பதன் மேல் சாக்பீஸால் கோடு போட்டுச் சுவரோரம் ஒதுக்கிவிடுவார்கள். கோடு போட்டதை யாரும் தொடக்கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு குழாய் உலையில் வெடித்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். உலையில் நின்ற ஒரிசாக்காரர் ஒருவர், கன்னியம்மாவின் ஊரைச் சேர்ந்த சேகர் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன், அதே ஊர்க்காரரும் இரும்பு பிரிக்கிறவருமான தேசம்மா. "தேசம்மா கவனிக்காமல் விட்டுவிட்டார்" என்று கம்பெனியில் சொன்னார்கள். ஊரும் அதையே நம்பியது. உண்மையில் தேசம்மா அந்தக் குழாயைப் பார்த்துக் கோடு போட்டு ஒதுக்கி வைத்தார். அன்று உலைக்கு இரும்பு போதவில்லை என்று சூப்பர்வைசர் எல்லாவற்றையும் அள்ளிப் போடச் சொன்னார். அது தெரிந்ததும் தேசம்மா தடுக்கத்தான் உலைப் பக்கம் ஓடினார். கன்னியம்மாவும் பச்சையம்மாவும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். பச்சையம்மா என்பது ரயிலில் என் பாட்டிலில் கோடு போட்டவள்.

"நீங்க சாட்சி சொல்லலயா?" என்று கேட்டேன்.

"யாருகிட்டக்கா சொல்றது? யாரு கேட்டாங்க? ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினாங்க. அதுல இன்னா எழுதியிருந்துச்சின்னே தெரியாது" என்றாள் கன்னியம்மா. "நான் தனியாப் போயி சொன்னா என் வேல போயிடும். ஆறு பேரும் வேஷம் கட்டிக்கினு சொன்னா அது நாடகம்தான? நாடகத்துல சொன்னதுக்கு யாரு இன்னா பண்ண முடியும்?"

எவ்வளவு அழகான யோசனை என்று அன்று நினைத்தேன். இப்போதும் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர்கள் ஒத்திகை பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். மூன்று பேருக்குக் காலை ஷிஃப்ட், மூன்று பேருக்கு மதிய ஷிஃப்ட், வாரம் மாறினால் ஆட்களும் மாறுவார்கள். ஆறு பேரும் ஒரு நாளும் சேர்ந்து நிற்க முடியாது. எனவே மதியம் இரண்டு மணிக்கு கேட்டுக்கு வெளியே டீக்கடையில், வேலையை ஒப்படைக்கிற மாதிரியே நாடகத்தையும் ஒப்படைப்பார்கள். வெளியே வருகிறவள் அன்றைக்குச் செய்த காட்சியை, உள்ளே போகிறவளுக்கு ஐந்து நிமிடத்தில் நடித்துக் காட்டுவாள். அதற்கு 'சார்ஜ் குடுக்கறது' என்று பெயர். இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் தாளில் ஒன்றும் கிடையாது. யாரை எப்போது வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாததால், ஆறு பேருக்கும் ஆறு வேஷமும் பாடம். கோவில்களில் விடிய விடிய ஆடுகிற கூத்துக்காரர்கள்கூட இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

இனி பயணம். ஞாயிறு காலை சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் 8.15 கும்மிடிப்பூண்டி வண்டி. டிக்கெட் பதினொரு ரூபாய். எண்ணூர் தாண்டினால் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. அத்திப்பட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் ஜன்னல் வழியாக வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைத் துணி வேண்டாம். மீஞ்சூரில் மஞ்சள் சேலை கட்டிய கூட்டம் ஒன்று ஏறியது. பெரியபாளையம் போகிறவர்கள், பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிப்பார்களாம். ஒரு அம்மா கையில் வேப்பிலைக் கட்டோடு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். 9.40க்குக் கவரைப்பேட்டை. நிலையத்துக்கு வெளியே நாஷ்டா நன்றாக இருக்கிறது. நான்கு இட்லி, வடைகறி, டீ எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய்.

அந்தக் கிராமம் நிலையத்துக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ எட்டு ரூபாய். டிரைவரிடம் நாடகம் பார்க்கப் போகிறேன் என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"பொம்பளைங்க போடறதா? அந்த கம்பெனி வெடிச்ச மேட்டருன்னு சொல்லிக்கினாங்க."

"ஆமாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா. அந்தம்மா சரியா பாக்காம உட்டுச்சு, பையனுங்க ரெண்டு பேரு அநியாயமா போய்ட்டானுங்க. சேகரு என்கூட கிரிக்கெட்டு ஆடுனவன்." கொஞ்ச தூரம் போனதும், "அதுவும்தான் செத்துச்சு, பாவம். இன்னா சொல்றது, ஒரே பேஜாரு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. இறங்கும்போது என் பையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அம்மன் கோவில் வாசலில் பெரிய பந்தல். ஆடிக் கூழுக்கு அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கேழ்வரகு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சுவார்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு செம்புக் கூழ் கொண்டுவந்து கோவில் அண்டாவில் ஊற்றிக் கலப்பார்கள். அதை எல்லோருக்கும் ஊற்றுவார்கள். பதினொரு மணிக்கு வரிசை நகர்ந்தது. கன்னியம்மா என் முழங்கையைத் தொட்டு, "அத பாருங்க, பச்ச தாவணி. தேசம்மா பொண்ணு, சங்கீதா" என்றாள். பதினெட்டு வயது. பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். அப்பா எப்போதோ போய்விட்டார். அவள் செம்பை நீட்டினாள். வாங்கிய பெரியவர் அண்டாவில் ஊற்றவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்காமல், பக்கத்தில் தூண் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த செம்பை வாங்கினார். இரண்டு வருஷமாக இப்படித்தானாம். அவள் வீட்டில் கேழ்வரகும் கேட்பதில்லை. அண்டாவுக்கு அந்தப் பக்கம் சேகரின் அம்மா நின்றிருந்தார், யாரையும் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் ஊத்துவாங்க. இன்னிக்கி மூணு மணி ஆவட்டும்" என்றாள் கன்னியம்மா. அவள் குரலில் சந்தேகமே இல்லை. அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. வழக்கு இல்லை, நஷ்ட ஈடு இல்லை. ஒரு செம்புக் கூழ் அண்டாவில் விழ வேண்டும்.

சங்கீதாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தானாகவே, "பச்சையம்மா அத்ததான் எங்கம்மா வேஷம் கட்றாங்க. கட்டிக்கிறதுக்கு எங்கம்மா பொடவையே குடுத்துட்டேன்" என்றாள். "நான் இன்னும் ஒரு தடவகூட பாக்கல. அவங்க காட்ட மாட்டேன்ட்டாங்க. அன்னிக்கே பாத்துக்கோன்னுட்டாங்க."

"நான் ரயில்ல பார்த்தேன். பிரமாதமா இருக்கும்" என்றேன். பெருமை வேறு எனக்கு, முன்னாலேயே பார்த்துவிட்டேன் என்று.

பன்னிரண்டு மணிக்கு முதல் இடி. ரேவதிக்குப் போன் வந்தது. ரயிலில் சூப்பர்வைசராக நடந்து வந்து சிரிக்க வைத்தவள் அவள்தான். யாரோ வேலைக்கு வரவில்லை, உடனே வா என்று அழைப்பு. கெஞ்சிப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான்தான் பதறினேன். கன்னியம்மா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "யாரு இல்லன்னாலும் நாடகம் நிக்காதுக்கா. நாகம்மா கட்டுவா. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்றாள். நாகம்மா அப்போதே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தொப்பைக்குத் தலையணை தேடப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு முந்நூறு பேர் இருக்கலாம். முன்வரிசையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். இந்தப் பெண்களை வேலைக்கு எடுக்கிற காண்ட்ராக்டர். மைக்செட்டும் பந்தலும் அவர் உபயமாம். நாடகம் என்று கேள்விப்பட்டு ஆசையாகப் பார்க்க வந்தாராம். சென்னையிலிருந்து வந்த விருந்தாளி என்று என்னையும் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். சங்கீதா மண்ணில், எங்களுக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

முதல் இருபது நிமிடத்தைப் பற்றி ஒரு பதிவு முழுக்க எழுதலாம். மேடை கிடையாது; கோவில் வாசல் மண்தான். இரண்டு சிவப்புப் புடவைகளை இரண்டு பெண்கள் எதிரெதிராகப் பிடித்து உதறினார்கள், அதுதான் உலை. உண்மையிலேயே அனல் அடிக்கிறது போல முன்னால் இருந்த குழந்தைகள் பின்னால் நகர்ந்தன. இரும்பைத் தூக்கும் காந்தத்துக்கு ஒரு பெரிய தாம்பாளம். அது மேலிருந்து இறங்கும்போது ஒருத்தி கரண்டியால் தட்டிய சத்தத்தில் ஊரே கைதட்டியது. அது, அவர்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாரோ ஒருவர் கம்பெனியில் தினமும் கேட்கிற சத்தம். கன்னியம்மா கட்டியக்காரி. நடுநடுவே வந்து கேலி பேசி, பாட்டுப் பாடிக் கதையை நகர்த்தினாள். கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு பாட்டு. காண்ட்ராக்டரே வாய்விட்டுச் சிரித்தார். சேகராக வந்தவள் கிரிக்கெட் மட்டை பிடித்துக்கொண்டு வந்ததும் பந்தலில் ஒரு விசும்பல் கேட்டது. எழுதப்படாத ஒரு நாடகத்தை, டீக்கடை வாசலில் கைமாற்றிக் கைமாற்றி இவர்கள் செய்திருக்கிறார்களே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பச்சையம்மா, தேசம்மாவின் கத்தரிப்பூ நிறப் புடவையில், குவியலிலிருந்து ஒரு குழாயை எடுத்தாள். உண்மையான குழாய். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் கை இடுப்புக்குப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. குழாயை ஓரமாக வைத்தாள், அவ்வளவுதான். வைத்தது குவியலுக்கு உள்ளேயா வெளியேயா என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நாகம்மா தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா இது? டன்னு பத்தல. ஏத்து, ஏத்து!" என்றாள். கோடு போட்டதையும் சேர்த்து என்ற வார்த்தை வரவில்லை. தாம்பாளம் இறங்கியது. குழாய் போனது. பச்சையம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உலையைப் பார்த்து ஓடினாள். போனில் சொன்ன கதையில் அது காப்பாற்ற ஓடுகிற ஓட்டம். இங்கே, தப்பைச் செய்துவிட்டுக் கடைசியில் ஞாபகம் வந்தவளின் ஓட்டமாகத் தெரிந்தது. சிவப்புப் புடவைகள் மேலே எழுந்து மூன்று பேரையும் மூடின.

கன்னியம்மா நடுவில் வந்து நின்றாள். இனி அவள் பாட்டு. முதல் வரி அவள் வாயில் இருந்தது, எனக்குத் தெரியும். அவள் பார்வை என் பக்கம் வந்து, என்னைத் தாண்டி, பக்கத்து நாற்காலிக்குப் போனது. முதல் வரியை விட்டுவிட்டாள். கோடே போடாதபோது கோட்டைப் பற்றிப் பாட முடியாது. "அந்தக் குழாய தூக்கிப் போட்டது யாரம்மா?" என்று இரண்டாவதை மட்டும், அதையும் கொஞ்சம் மாற்றிப் பாடினாள். இரண்டு முறை. மூன்றாவது முறை குரல் உடைந்தது.

"இன்னும் யாரு? அவதான்!"

சேகரின் அம்மா எழுந்து நின்றிருந்தார். கத்தவில்லை. அழுதுகொண்டே, நிம்மதியோடு சொன்னார். "அவதான் போட்டா. இப்பவாவது ஒத்துக்கினீங்களே."

ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. கன்னியம்மா வாயைத் திறந்து மூடினாள். ஐந்து பெண்கள் மண்ணில் நின்றும் படுத்தும் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் அந்த வசனம் தெரியும். ஆறாவது ஆள் கம்பெனியில் இரும்பு பிரித்துக்கொண்டிருந்தாள். ஏழாவதாக எனக்கும் தெரியும். எழுந்து, "இல்லைங்க, அவர் கோடு போட்டார்" என்று சொல்ல எனக்கு நான்கு வார்த்தை போதும். நான் யார், வெளியூர்க்காரி, அவர்களே சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு கேமராவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கைதட்டல். காண்ட்ராக்டர் எழுந்து போய்க் கன்னியம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். "பாதுகாப்பு பத்தி நல்ல கருத்து. எல்லாரும் கவனமா வேல செய்யணும்" என்று மைக்கில் சொன்னார். அதைப் படம் எடுத்திருக்கிறேன். போடப் போவதில்லை.

கோவிலுக்குப் பின்னால் அவர்களைப் பிடித்துக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு என்ன உரிமை இருந்ததோ தெரியவில்லை. பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சூப்பர்வைசரு வசனத்துலயே தெரிஞ்சிடுமேன்னு கோடு போடல. எங்க ஊட்டுக்காரரு காண்ட்ராக்டருகிட்டதான் லாரி ஓட்டறாரு" என்றாள். நாகம்மா திடுக்கிட்டுப் போனாள். "கடசியா எனக்கு சார்ஜ் குடுக்கறப்ப அந்த வசனத்த எடுத்துட்டாளே! பச்சையம்மா கோடு போடறாளே, அதுவே போதும்னு சொல்லிதான் ரேவதி எனக்குக் குடுத்தா." ஒருத்திக்கு மற்றவள் பொறுப்பு. கை மாறும்போது ஆளுக்குக் கொஞ்சம் பயத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆளுக்குக் கொஞ்சம் உண்மையை விட்டுவிட்டார்கள். தேசம்மாவுக்கு எதிராக ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை.

கன்னியம்மா பொன்னாடையை மடித்துக்கொண்டே இருந்தாள். "நான் பாத்துக்கினுதான் இருந்தேன்க்கா. கோடு வரல, வசனம் வரல, செரி, பாட்டுல சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன். எதிர்ல அந்தாளு குந்திக்கினு கீறாரு. எல்லாரும் சொல்லியிருந்தா அது நாடகம். நான் ஒருத்தி மட்டும் சொன்னா, நான் சொன்னதா ஆயிடும்."

திரும்புவதற்கு ஐந்து மணிக்குச் சாலைக்கு வந்தேன். ஞாயிறு மாலை ஷேர் ஆட்டோ குறைவு. முக்கால் மணி நேரம் நின்றேன். சங்கீதா வந்தாள். கையில் பாலித்தீன் கவரில் கத்தரிப்பூ நிறப் புடவை, மடித்தபடி. அழுத முகம் இல்லை. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"யக்கா, ரயில்ல பாத்தீங்களே. அதுல எங்கம்மா கோடு போட்டாங்களா?"

"போட்டாங்க. என் பாட்டில் மேலதான் போட்டாங்க."

"நெஜமா கம்பெனிலயும் போட்டாங்களா?"

"போட்டாங்களாம். கன்னியம்மாவே சொன்னாங்க."

"எங்கிட்ட சொன்னதே இல்ல" என்றாள். "ரெண்டு வருஷமா நானும் எங்கம்மாதான் உட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கோவமா இருந்தேன் அவங்க மேல."

ஆட்டோ தூரத்தில் வந்தது. அவள் அவசரமாக, "நீங்க நெட்டுல எழுதுவீங்களாமே. எங்கம்மா பேரு போட்டு எழுதுங்கக்கா. கோடு போட்டாங்கன்னு எழுதுங்க. ஊர் பேரும் போடுங்க. எங்க கடைக்கு எதுக்க பிரவுசிங் சென்டரு கீது. நான் பாக்கறேன், சேகரு அம்மாவையும் இட்டுக்கினு போயி காட்டறேன்" என்றாள். எழுதுகிறேன் என்று சொன்னேன். பதிவின் முகவரியை ரயில் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன். 6.25 வண்டியில் வந்தேன். வழியில் எதையும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை கன்னியம்மா ஆபீஸ் நேரத்தில் போன் செய்தாள். சங்கீதா அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "வேணாங்கா. உங்க கால்ல உழறேன். பேரு போட்டா யாரு சொன்னதுன்னு ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. ஆறு பேரு ஊட்லயும் அடுப்பு எரியாது." நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பேசி முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கவரைப்பேட்டை, பொன்னேரி சுற்றுவட்டாரத்தில் ஆடி ஞாயிறுகளில் எந்த ஊருக்குப் போனாலும் கூழ் கிடைக்கும். செம்போ டம்ளரோ கையில் கொண்டுபோங்கள். மதிய வெயில் மண்டையைப் பிளக்கும், குடை அவசியம். பெண்கள் தனியாகப் போகலாம், எனக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. ஆறரைக்கு மேல் ஆட்டோவை நம்ப வேண்டாம். மொத்தச் செலவு எனக்கு எழுபது ரூபாய்க்குள். முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் உட்காராதீர்கள், மண்ணில் உட்காருங்கள். கதை சொன்னால் ஊர் மாறும், பெண்கள் வாயைத் திறந்தால் போதும் என்றெல்லாம் இந்த வலைப்பூவில் நானே சில முறை எழுதியிருக்கிறேன். அதை எழுதியவள் எதையும் பக்கத்தில் போய்ப் பார்க்காதவள்.

இவ்வளவு நீளம் எழுதிவிட்டேன். ஊரின் பெயர் எங்கும் இல்லை, கம்பெனியின் பெயர் இல்லை. பெண்களின் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். தேசம்மா என்பதும் அவர் பெயர் இல்லை. பாட்டு வரியில் அந்த இடத்துக்குப் பொருந்துகிற வேறு ஒரு பெயரைத் தேடி வைத்தேன். இதை இன்று மதியம் ஏற்றிவிடுவேன். பொன்னேரியில் கடை மூடுவதற்கு முன் ஒரு பெண் அந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, இதை மேலிருந்து கீழே வரை தன் அம்மாவின் பெயருக்காகத் தேடுவாள்.